பெற்றோருடன் பன்னிரண்டு நாட்கள்: டோக்கியோ, கியோட்டோ, நாரா. எதை விடுவது?

சாலைப்பூ | மார்ச் 9

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக யோகோஹாமாவில் வசிக்கிறேன். வரும் மே மாதம் என் பெற்றோர் முதன்முறையாக ஜப்பானுக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது; அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அவர்கள் இரண்டு மாதம் என்னுடன் இருப்பார்கள். தங்கையும் அவள் மகனும் (ஒன்பது வயது) இரண்டு வாரம் மட்டும் இருப்பார்கள் என்பதால், ஐந்து பேரும் சேர்ந்து ஊர் சுற்றக் கிடைப்பவை அந்தப் பன்னிரண்டு நாட்கள்தான். பெற்றோர் சுத்த சைவம், முட்டையும் உண்பதில்லை.

என் திட்டம்: முதல் நாள் அசகுசா, உயேனோ, ஸ்கைட்ரீ கோபுரம். இரண்டாம் நாள் மெய்ஜி ஆலயம், ஷிபுயா, ஷின்ஜூகு. அடுத்தடுத்து கமகுரா, நிக்கோ, ஹகோனே. ஆறாம் நாள் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பிடித்துக் கியோட்டோ. ஏழாம் நாள் கின்ககுஜி கோயில், அராஷியாமா மூங்கில் தோப்பு, கியோமிசுதேரா கோயில். எட்டாம் நாள் காலையில் ஃபுஷிமி இனாரி, மாலையில் நாரா. ஒன்பதாம் நாள் ஹிரோஷிமா, மியாஜிமா. பத்தாம் நாள் ஒசாகா. பதினொன்றாம் நாள் திரும்புதல், பன்னிரண்டாம் நாள் ஓய்வு. இதில் திருத்த வேண்டியது உண்டா?

கமோ ஆற்றங்கரை | மார்ச் 9

உண்டு. பன்னிரண்டாம் நாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

நான் கியோட்டோவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். உறவினர்களை இதுவரை ஏழு முறை சுற்றிக்காட்டியிருக்கிறேன். உங்கள் ஏழாம் நாளை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கின்ககுஜி நகரின் வடமேற்கில் இருக்கிறது, அராஷியாமா மேற்கு எல்லையில், கியோமிசுதேரா கிழக்கு மலையடிவாரத்தில். மூன்றையும் ஒரே நாளில் இணைக்கும் பேருந்துப் பயணத்திலேயே அம்மாவின் முழங்கால் தேய்ந்துவிடும், ஏனென்றால் கியோட்டோ மாநகரப் பேருந்துகளில் சுற்றுலாப் பருவத்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. கியோமிசுதேராவுக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து செங்குத்தான சரிவில் ஏற வேண்டும். அதை நாளின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்!

மே மாதத்தின் முதல் வாரத்தை மட்டும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் 29இல் தொடங்கும் பொற்கால விடுமுறை வாரத்தில் ஜப்பானியர் அனைவரும் பயணத்தில் இருப்பார்கள். அறை வாடகையும் ஏறிவிடும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை மே முழுவதும் இருப்பதால் பதினைந்தாம் தேதிக்கு மேல் வரச் சொல்லுங்கள். வெயிலும் குளிரும் இல்லாத நாட்கள் அவை. மழைக்காலம் ஜூனில்தான் தொடங்கும்.

ஓய்வூதியர் | மார்ச் 10

இந்த இழையில் எழுதுபவர்கள் எல்லோரும் அழைத்துச் செல்பவர்கள் என்று நினைக்கிறேன். நான் அழைத்துச் செல்லப்பட்டவன். மகள் ஒசாகாவில் இருப்பதால் நானும் என் மனைவியும் இருமுறை வந்திருக்கிறோம்.

தம்பி, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கால் வலிக்கிறது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மகள் விடுப்பு எடுத்து, பணம் செலவழித்து, மணிக்கணக்குப் போட்டுத் திட்டம் தீட்டியிருக்கும்போது, "எனக்குப் போதும், அறைக்குப் போகலாம்" என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் வாய் வராது. முதல் பயணத்தில் ஒரே நாளில் நான்கு கோயில்களைப் பார்த்தோம். ஊர் திரும்பிய பிறகு புகைப்படங்களைப் பார்த்து, இது எந்தக் கோயில் என்று நானும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். இரண்டாம் பயணத்தில் மகளிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: காலையில் ஓர் இடம், மதியம் அறையில் தூக்கம், மாலையில் மனமிருந்தால் அருகில் ஏதாவது. அந்தப் பயணத்தில் பார்த்த ஒவ்வொரு தூணும் இன்றும் நினைவிருக்கிறது.

அப்பாவிடம் என்ன பார்க்க ஆசை என்று கேட்டீர்களா? திட்டத்தில் அவர் சொன்னதாக எதுவும் தெரியவில்லையே.

மூன்றாம் நடைமேடை | மார்ச் 10

போக்குவரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்கள் விருப்பம்போல் பயணிக்க உதவும் ஜேஆர் பாஸ் வாங்கலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். ஏழு நாள் சாதாரணப் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோ–கியோட்டோ ஒருவழிக்கு ஏறத்தாழ 14,000 யென் என்பதால் போய்வர மட்டும் பாஸ் வாங்குவது நட்டம். ஹிரோஷிமாவையும் சேர்த்தால் கணக்கு ஏறத்தாழச் சமமாகும். ஆனால் குறுகிய கால வருகையாளர் என்ற முத்திரை கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்கே பாஸ் உரியது. இங்கே வசிக்கும் உங்களுக்குக் கிடைக்காது. மேலும் பாஸ் வைத்திருப்பவர் நோசோமி என்ற மிக விரைவு ஷின்கான்சென் வண்டியில் ஏறத் தனிக்கட்டணம் செலுத்த வேண்டும். பேசாமல் ஐவருக்கும் சாதாரணச் சீட்டே எடுங்கள்; பையனுக்குப் பாதிக் கட்டணம். ஷின்-யோகோஹாமாவில் எல்லா நோசோமியும் நிற்கும். அங்கிருந்து கியோட்டோ இரண்டு மணி நேரம். போகும்போது ஈ வரிசைச் சன்னலைப் பையனுக்கும் அம்மாவுக்கும் கொடுத்தால், மேகம் விலகியிருக்கும் நாளில் அரை மணி நேரத்துக்குள் வலப்புறம் ஃபூஜி மலை தெரியும்.

பெட்டிகள்தான் பெரிய தொல்லை. பெரிய விமானப் பெட்டி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்; 160 சென்டிமீட்டரைத் தாண்டலாம். அவ்வளவு பெரிய பெட்டிக்கு ஷின்கான்சென்னில் 2020 முதல் தனி இருக்கை முன்பதிவு வேண்டும். அதைவிட எளிது, முந்தின நாளே தக்குஹாய்பின் என்ற பொதி அனுப்பும் சேவையில் பெட்டிகளைக் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு பை, ஒரு குடை, மாத்திரை டப்பா ஆகியவற்றோடு வண்டி ஏறுங்கள்.

கியோட்டோவில் டாக்சி பிடிக்கச் சொல்வேன், ஆனால் சாதாரண டாக்சியில் நான்கு பேருக்குத்தான் இடம், நீங்கள் ஐவர். பெற்றோரும் தங்கையும் டாக்சியில் போகட்டும், நீங்களும் மருமகனும் பேருந்தில் போங்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு மாமாவோடு பேருந்தில் போவதே பெரிய சுற்றுலா.

தயிர்சாதம் | மார்ச் 11

உணவு என் துறை. நாங்கள் நிஷி-கசாயில் இருக்கிறோம். இந்தியர் நிறைய வாழும் பகுதி என்பதால் இங்கே கவலையில்லை. பகுதியைத் தாண்டினால்தான் வேலை தொடங்குகிறது.

ஜப்பானில் "சைவம்" என்று சொன்னால் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள். சாறு மாறாது. உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், மிசோ சூப், காய்கறி வேகவைத்த நீர் எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் கட்சுவோ என்ற மீனை உலர்த்திச் சீவிய சீவலிலிருந்து எடுக்கப்படுவது. எனவே "மீன் வேண்டாம்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "மீன் தாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். கியோட்டோவின் புகழ்பெற்ற யுதோஃபு, அதாவது சுடுநீரில் வைத்த டோஃபு, பார்க்கச் சுத்த சைவம்போல் இருக்கும்; தொட்டுக்கொள்ளும் சாறில் மீன் இருக்கும்.

புத்த மடங்களின் ஷோஜின் உணவு நம்பத்தக்கது. சாறுக்கு கொம்பு என்ற கடற்பாசியைப் பயன்படுத்துவார்கள். வெங்காயமும் பூண்டும்கூட மரபில் விலக்கு. நம் வீட்டு விரதச் சமையல் என்று சொன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். அராஷியாமாவில் தென்ரியூஜி மடத்து வளாகத்திலேயே அது கிடைக்கிறது. பல மடங்களில் பாயில் அமர்ந்துதான் உண்ண வேண்டும் என்பதால், நாற்காலி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

மற்ற வேளைகளுக்குக் கொன்பினி என்ற சிறு பலசரக்குக் கடைகள் இருக்கின்றன. உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புக் காய்) வைத்த ஓனிகிரி என்ற சோற்று உருண்டை, இனிப்பில்லாத தயிர், இரண்டு நிமிடத்தில் சூடாகும் வெள்ளைச் சாதப் பொட்டலம் ஆகிய மூன்றும் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். என் கைப்பையில் ஒரு சிறு டப்பா உப்பும் ஊறுகாயும் எப்போதும் இருக்கும். என் மாமியார் கியோட்டோவில் ஐந்து நாளையும் தயிர்சாதத்தில்தான் கடந்தார், முகத்தில் குறையே இல்லை.

அம்மாவிடம் இரண்டு செய்திகளை இப்போதே சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். விமான நிலையத்தில் தாவரச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குத்தான் அனுமதியில்லாமல் கொண்டுவரலாம். அவர்கள் தங்குவது இரண்டு மாதம் என்பதால் யூன்யூ ககுனின்ஷோ என்ற சான்றை முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். இங்கே வந்தபின் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் உங்கள் காப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

சாலைப்பூ | மார்ச் 15

அனைவருக்கும் நன்றி. ஓய்வூதியர் ஐயா கேட்டபடி அப்பாவிடம் பேசினேன். பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஹிரோஷிமாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்ததாம். இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு, "பழைய கோயில் இரண்டு மூன்று போதும், ஆனால் நின்று பார்க்க நேரம் வேண்டும்" என்றார். ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கல்வெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு கடைசியாக வெளியே வருபவர் அவர்.

எனவே நிக்கோ, ஹகோனே, ஒசாகா, மியாஜிமா, ஸ்கைட்ரீ அனைத்தையும் நீக்கிவிட்டேன். இப்போதைய கேள்வி: கியோட்டோவிலும் நாராவிலும் அப்பாவைப் போன்ற ஒருவருக்கு எந்தக் கோயில்கள்? நம் தெய்வங்கள் சில அங்கே இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

ஓலைச்சுவடி | மார்ச் 16

உண்மைதான், ஆனால் அவை நம் தெய்வங்களாக அங்கே போகவில்லை; புத்தமத நூல்களின் வழியே, சீனம் கடந்து, காவல் தேவர்களாகப் போய்ச் சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பார்ப்பது இன்னும் சுவைக்கும்.

கியோட்டோவில் ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் சஞ்சூசாங்கென்தோவைச் சொல்வேன். தைரா கியோமொரி 1164இல் கட்டுவித்த கோயில் அது. 1249இல் எரிந்தபின் 1266இல் மீண்டும் எழுந்த மண்டபமே இன்று நாம் காண்பது. நீளம் ஏறத்தாழ 120 மீட்டர். உள்ளே ஆளுயரக் கன்னொன் சிலைகள் ஆயிரம், நடுவில் அமர்ந்த நிலையில் பெரியது ஒன்று. கன்னொன் என்பவர் புத்தமதத்தின் கருணைப் போதிசத்துவரான அவலோகிதேசுவரர். ஒவ்வொரு சிலைக்கும் நாற்பது கை; ஒவ்வொரு கையும் இருபத்தைந்து உலகங்களைக் காப்பதால் ஆயிரம் கையென்று கணக்கு. நெருப்பிலிருந்து தூக்கி வெளியேற்றப்பட்டுத் தப்பிய பழைய சிலைகள் 124 இன்னும் அந்த வரிசைக்குள் நிற்கின்றன. நடுச் சிலையை தன்கெய் என்ற சிற்பி தன் எண்பதுகளில் வடித்து முடித்தார்.

அப்பாவுக்காக நான் சொல்வது, ஆயிரத்துக்கும் முன்னால் நிற்கும் இருபத்தெட்டுக் காவலர்களை. தைஷகுதென் என்பது இந்திரன், தைபொன்தென் பிரமன், நராயென் நாராயணன், மகெய்ஷுரா மகேசுவரன், கருரா கருடன். அந்தக் கருடன் குழல் ஊதிக்கொண்டிருக்கிறான்! பாசு சென்னின் என்ற எலும்பும் தோலுமான முனிவரையும் தேடச் சொல்லுங்கள். குறிப்புப் பலகைகளில் இந்திய வேர் சொல்லப்பட்டிருக்கிறது. மண்டபம் முழுவதும் சமதளம், காலணியைக் கழற்ற வேண்டும், படமெடுக்க அனுமதியில்லை. படமெடுக்க முடியாது என்பதாலேயே மக்கள் நின்று பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அடுத்து நாராவின் தோதைஜி கோயில். உள்ளே பதினைந்து மீட்டர் உயர வெண்கல வைரோசன புத்தர். எத்தனை பேருக்குத் தெரியுமோ, 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பான் வந்தவர். ஊர் திரும்பாமல் இங்கேயே மறைந்தார். கண் தீட்டிய தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கீழே நின்ற முன்னாள் பேரரசர் ஷோமு உள்ளிட்டவர்கள் அந்தக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு புண்ணியத்தில் பங்கு கொண்டார்கள். கயிறு இன்னும் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகிறது. நம் ஊரில் நயனோன்மீலனம் என்ற கண் திறக்கும் சடங்கைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைய மண்டபம் 1709இல் கட்டியது, 57 மீட்டர் அகலம். எரிந்துபோன முதல் மண்டபம் இதைவிட அகலமாக இருந்தது.

கின்ககுஜியைப் பற்றிக் கேட்டால், பொன் தகடு வேய்ந்த அந்தக் கட்டடம் 1950இல் ஓர் இளந்துறவி வைத்த தீயில் எரிந்து, 1955இல் புதிதாகக் கட்டப்பட்டது. உள்ளே நுழையவும் முடியாது. குளத்துக்கு அப்பால் நின்று படமெடுத்துக்கொண்டு ஒருவழிப்பாதையில் வெளியே வர வேண்டியதுதான். உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம் என்பேன்.

தயிர்சாதம் | மார்ச் 16

பிள்ளையாரை விட்டுவிட்டீர்களே! அசகுசாவில் சென்சோஜி கோயிலிலிருந்து சற்று நடந்தால் மட்சுசியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. அங்கே இருப்பவர் நம் விநாயகர்தான். முள்ளங்கியை வாங்கிப் படைப்பார்கள்; வளாகமெங்கும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கும். சிறு குன்றின்மேல் இருந்தாலும் முதியவர்களுக்காகச் சிறிய தண்டவாள வண்டி ஒன்று உண்டு, பையனும் மகிழ்வான். என் மாமியார் அங்கே தோப்புக்கரணம் போட்டார்.

ஓலைச்சுவடி | மார்ச் 17

வேண்டுமென்றுதான் விட்டேன். அங்கே இருப்பவர் கன்கிதென். யானைத்தலை என்பதும் விநாயகர் என்ற பெயரோடு தொடர்புண்டு என்பதும் சரியே. ஆனால் இவர் பெரும்பாலும் இணையாகத் தழுவி நிற்கும் உருவில் வணங்கப்படுபவர். சிலையைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. மூடிய மாடத்துக்குள் மறைவாக வைத்து, துறவிகள் மட்டுமே சடங்கு செய்வார்கள். கவனமின்றி அணுகக் கூடாத, வல்லமை மிகுந்த தேவர் என்ற எண்ணமும் இங்கே உண்டு. "நம் பிள்ளையார்" என்று ஒரே வரியில் முடித்தால் ஆயிரம் ஆண்டு ஜப்பானிய மரபு காணாமல் போய்விடுகிறது. பார்க்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

ஓய்வூதியர் | மார்ச் 17

ஓலைச்சுவடி ஐயா சொல்வது ஆராய்ச்சிக்குச் சரி. ஆனால் 66 வயதுப் பெண்மணி ஒருத்தி, மொழி தெரியாத ஊரில், மூடிய மாடத்தின் முன் நின்று காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதில் எந்த மரபுக்கும் இழப்பில்லை. நானும் போட்டிருக்கிறேன், மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அருகில் நின்ற ஜப்பானியப் பாட்டி எனக்குத் தலைவணங்கினார்.

ஓலைச்சுவடி | மார்ச் 17

அந்தப் பாட்டிக்குமுன் என் வாதம் நிற்காது; ஒப்புக்கொள்கிறேன். ஈடாக ஒரு செய்தி தருகிறேன். கியோட்டோ கியோன் பகுதியில் கமேயா கியோனாகா என்ற 1617ஆம் ஆண்டு இனிப்புக்கடையில் கன்கிதான் என்ற பலகாரம் விற்கிறார்கள். பயறு விழுதோடு ஏழு நறுமணப் பொருள்களைச் சேர்த்து, மாவில் பொதிந்து, வாயை முடிச்சுப்போல் குவித்து, நல்லெண்ணெயில் பொரித்தது. கன்கிதென்னுக்குப் படைக்கும் பலகாரம். கையில் எடுத்துப் பார்த்தால் நம் மோதகத்தின் தூரத்து உறவு என்று தெரிந்துவிடும். கடிக்கும்போது எச்சரிக்கை தேவை. அப்பாவுக்குப் பல் கட்டியிருந்தால் இன்னும் அதிக எச்சரிக்கை.

கமோ ஆற்றங்கரை | மார்ச் 18

ஃபுஷிமி இனாரியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம், நிலையத்தின் எதிரிலேயே கோயில். கட்டணமில்லை, இரவும் பகலும் திறந்திருக்கும்.

மூன்றாம் நடைமேடை | மார்ச் 18

மூட்டுவலியோடா? 233 மீட்டர் மலை, முழுவதும் படிக்கட்டு.

கமோ ஆற்றங்கரை | மார்ச் 18

மலையேறச் சொல்லவில்லை. முதன்மைச் சன்னிதிவரை பெரிய ஏற்றமில்லை. அங்கே அம்மா அமர்ந்திருக்கட்டும். செந்நிறத் தோரி வளைவுகள் நெருங்கி நிற்கும் பகுதி சற்று மேலேதான் தொடங்குகிறது, பையனை அழைத்துக்கொண்டு நீங்கள் கால் மணி நேரம் போய்வரலாம். வளைவுகளின் பின்பக்கத்தில் செதுக்கியிருப்பவை கொடுத்தவர்களின் பெயரும் தேதியும். நம் கோயில் குழல்விளக்கில் "உபயம்" என்று எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். காலை எட்டு மணிக்கு முன் போங்கள். பத்து மணிக்குமேல் என்றால் போகாமலே இருக்கலாம்.

சாலைப்பூ | ஜூன் 8

தங்கையும் மருமகனும் ஊர் திரும்பிவிட்டார்கள். பெற்றோர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். உங்கள் அனைவருக்கும் பயண விவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டோக்கியோவில் இரண்டே நாட்கள் சுற்றினோம். சென்சோஜிக்குக் காலை ஏழரைக்கே போய்விட்டதால் நகமிசே என்ற கோயில் கடைத்தெருவில் கடைகள் திறந்திருக்கவில்லை. அம்மாவுக்குக் கடைகள் மூடியிருந்தது பெரிய குறை. மண்டபப் படிகளுக்கு மாற்றாக இடப்பக்கம் மின்தூக்கி இருக்கிறது என்பதை ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். 628இல் ஆற்றில் மீன் பிடித்த இரு சகோதரர்களின் வலையில் கன்னொன் சிலை கிடைத்த கதையைச் சொன்னபோது, "வலையில் சாமி கிடைக்காத ஊரே இல்லை போலிருக்கிறது" என்றார் அம்மா. அங்கிருந்து மட்சுசியாமாவுக்கும் போனோம். தோப்புக்கரணத்துக்கு முழங்கால் இடம் தராததால் அம்மா குட்டிக்கொண்டதோடு சரி. முள்ளங்கி படைத்தது மருமகன்.

கியோட்டோவில் முதல் நாள் நான் செய்த தவறு: கமோ ஆற்றங்கரை அவர்கள் அவ்வளவு சொல்லியும், மாலை நான்கு மணிக்குக் கியோமிசுதேரா போகலாம் என்று கிளம்பினேன். சரிவு முழுவதும் தலைகள். பாதி வழியில் அம்மா ஒரு கடை வாசலில் அமர்ந்துவிட்டார், "நீங்கள் போய்வாருங்கள், நான் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். ஓய்வூதியர் ஐயா எழுதியது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் திரும்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து, கோயில் காலை ஆறு மணிக்கே திறப்பதால், அம்மா, அப்பா, நான் மூவர் மட்டும் டாக்சியில் போனோம். வண்டி சரிவின் பெரும்பகுதியை ஏறிவிட்டது. 1633இல் கட்டிய அந்த மர மேடையில் எங்களோடு பத்துப் பேர்கூட இல்லை. பதின்மூன்று மீட்டர் உயரத் தூண்களை ஆணியில்லாமல் கோத்திருக்கும் விதத்தைக் கீழேயிருந்து பார்க்க வேண்டும் என்று அப்பா தனியே இறங்கிப் போய் அரை மணி நேரம் கழித்து வந்தார். அம்மா மேடையிலேயே சகஸ்ரநாமத்தை முடித்துவிட்டார்.

சஞ்சூசாங்கென்தோவில் இரண்டரை மணி நேரம் இருந்தோம். தங்கையும் பையனும் அரை மணியில் வெளியேறித் தோட்டத்தில் விளையாடினார்கள். அப்பா பாசு சென்னின் முன்னால் நின்றார், நகரவே இல்லை. விலா எலும்பும் கழுத்து நரம்பும் புடைத்த அந்த முதிய உருவத்தைக் காட்டி, "காரைக்கால் அம்மையார் செப்புத்திருமேனியில் இதே எலும்பைப் பார்த்திருக்கிறேன், செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை" என்றார். பிறகு கருடனிடம் போய், குழல் பிடித்த விரல்களை எண்ணினார். வெளியே வந்ததும் கோஷுயின் ஏடு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு கோயிலிலும் தூரிகையால் பெயரும் தேதியும் எழுதிச் செந்நிற முத்திரை இட்டுத் தரும் ஏடு அது. அன்று முதல் அப்பா அதைக் கையைவிட்டு வைப்பதில்லை. சில முத்திரைகளில் சித்தம் என்ற பழைய வடமொழி எழுத்து வருகிறது; கிரந்தத்தோடு ஒப்பிட்டு இரவெல்லாம் தாளில் எழுதிப் பார்க்கிறார்.

நாராவில் ஒரு மான் அம்மாவின் முந்தானையை வாயில் கவ்வி இழுத்தது. மற்றொன்று என் வரைபடத்தைத் தின்றுவிட்டது. பிஸ்கட்டைக் கையில் மறைத்து வைத்தால்தான் இழுக்கும், உடனே கொடுத்துவிட்டு வெறும் கையைக் காட்டினால் போய்விடும் என்று பிறகு தெரிந்தது. தோதைஜியில் மக்கள் வைரோசனரை வலமாகவே சுற்றி வருகிறார்கள், அம்மாவுக்கு அது மிகவும் நிறைவாக இருந்தது. பின்புறத் தூண் ஒன்றில் புத்தரின் மூக்குத்துளை அளவு என்று சொல்லும் ஓட்டையில் மருமகன் நுழைந்து வெளியே வந்தான். மாமா நுழைய முயலவில்லை. வாசலின் வலப்பக்கம் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று உண்டு, பின்சுரு என்று பெயர். புத்தரின் சீடரான பிண்டோல பாரத்துவாசர்தான் அவர். நமக்கு வலிக்கும் இடத்தை அவர் உடம்பில் தொட்டு, பிறகு நம் உடம்பில் தொட வேண்டும் என்பது நம்பிக்கை. அம்மா அவருடைய முழங்காலை இரு கையாலும் தேய்த்துவிட்டார். "அவருக்கும் இந்த வயதில் வலிக்கும்" என்றார்.

ஹிரோஷிமாவுக்கு அப்பாவும் நானும் மட்டும் ஒரு நாள் போய் வந்தோம். அப்பா அருங்காட்சியகத்தில் பேசவில்லை. திரும்பும் வழியிலும் அதிகம் பேசவில்லை; குழந்தைகளின் நினைவுச்சின்னத்தில் தொங்கும் காகிதக் கொக்குகளைப் பற்றி மட்டும் விடுதிக்கு வந்தபின் மருமகனிடம் சொன்னார். பையன் விடுதியில் கிடந்த விளம்பரத் தாள்களையெல்லாம் மடித்துவிட்டான்.

உணவில் ஒரு கசப்பு. ஒரு டோஃபு உணவகத்தில் அட்டையைக் காட்டினோம்; பணியாளர் தலையசைத்து, சைவம்தான் என்று சொல்லிக் கொடுத்தார். அம்மா பாதி உண்டபின் வேறு ஒரு பணியாளர் பதறி ஓடிவந்து சாறில் மீன் உண்டு என்று மன்னிப்புக் கேட்டார். அம்மா கோபப்படவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கியோட்டோ முழுவதும் தயிர்சாதம்தான். டப்பா ஊறுகாய் ஐந்தாம் நாளே தீர்ந்துவிட்டது.

தயிர்சாதம் | ஜூன் 8

பெற்றோர் ஊர் திரும்பும் நாளில் விமானம் மாலையில்தானே? அப்படியானால் நாரிதா ஊருக்குள் இருக்கும் ஷின்ஷோஜி கோயிலுக்கு அழைத்துப் போங்கள். நாள்தோறும் கோமா என்ற தீச்சடங்கு நடக்கும். கோமா என்ற சொல்லே ஹோமம்தான். மேளம் அதிர, தீ மேலெழும்போது அப்பா உங்களை மறந்துவிடுவார். ஆனால் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகும் தெருவில் கடை வாசலிலேயே விலாங்கு மீனை அறுப்பார்கள். அம்மாவை அந்தப் பக்கம் நடத்தாதீர்கள், டாக்சி பிடியுங்கள்.

சாலைப்பூ | ஜூன் 9

விமானம் மாலை ஆறு மணிக்கு. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், கோஷுயின் ஏட்டில் இன்னும் பதினொரு பக்கம் காலி இருக்கிறதாம். மண்டபத்துக்குப் படி எத்தனை என்று யாராவது சொல்ல முடியுமா?

கமோ ஆற்றங்கரை | ஜூன் 9

எண்ணியதில்லை, ஆனால் நிறைய உண்டு. நுழைவாயிலில் விசாரித்துவிட்டு மேலே போங்கள், படிக்கட்டைத் தவிர்க்க வழி உண்டா என்று அவர்களே சொல்வார்கள். காலை பத்து மணிக்கு முன் போய்ச் சேருங்கள்.